கொழும்புத் துறைமுகத்தின் புகை

கொழும்பு மாநகரின் வடபால், கொச்சிக்கடையில், துறைமுகத்துக்கு அண்மையில், கருங்கல்லால் அமைந்த சிவாலயம் ஒன்று நிற்கிறது. பொன்னம்பல முதலியார் 1857 ஆம் ஆண்டில் நிறுவிய பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 ஆம் ஆண்டு தொடக்கம் 1912 ஆம் ஆண்டு வரை கற்றளியாகப் புதுக்குவித்தார். ஏறத்தாழ அதே காலத்தில், கோயிலுக்கு மேற்கே கிடந்த கடலும் உருமாறிக்கொண்டிருந்தது. மூன்று அலைதடுப்பு அணைகள் கைகோத்து நின்று ஏறக்குறைய 640 ஏக்கர் நீர்ப்பரப்பை வளைத்துக்கொண்டன. 1912 ஆம் ஆண்டளவில் கொழும்பு, எப்பருவத்திலும் கப்பல்கள் அஞ்சாது வந்து தங்கத்தக்க துறைமுகம் என்னும் பெயரைப் பெற்றுவிட்டது.

அதே 1912 இல் டென்மார்க்கு நாட்டிலிருந்து 'செலாண்டியா' என்னும் கப்பலொன்று பாங்கொக் நகரை நோக்கிப் புறப்பட்டது. அதற்கு நிலக்கரி வேண்டியிருக்கவில்லை, புகைபோக்கியும் இல்லை. டீசல் எந்திரத்தின் வலியால் அது ஓடிற்று. புகைபோக்கியில்லாத கப்பலைக் கண்ட மக்கள் வியந்தனர். நிலக்கரிக் கப்பல்களுக்காகவே பெரும் பொருட்செலவில் கட்டப்பட்ட கொழும்புத் துறைமுகம் நிறைவெய்திய வேளையிலேயே, நிலக்கரியின் காலம் முடியத் தொடங்கியது என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

துறைமுகங்களைப் பசுமையாக்க வேண்டும், அவற்றிலிருந்து எழும் புகையால் பூமியின் வெப்பம் மிகுவதைத் தடுக்க வேண்டும் என்னும் பேச்சு இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. பேச்சு புதியது; பொருள் பழையது. கொழும்பு தன் எரிபொருளை ஒரு முறையன்றிப் பல முறை மாற்றிய துறைமுகம். காற்றிலிருந்து கரிக்கும், கரியிலிருந்து எண்ணெய்க்கும், எண்ணெயிலிருந்து சிறிது சிறிதாக மின்சாரத்துக்கும் அது மாறி வந்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் முன்னேற்றம் எனப் போற்றப்பட்டது, முன்னேற்றமாகவும் இருந்தது. ஆயினும் ஒவ்வொரு முறையும் புகை அறவே ஒழிந்ததா, அல்லது இடம் மட்டும் மாறிற்றா என்னும் கேள்வியை அந்தந்தக் காலத்தவர் கேட்டதாகத் தெரியவில்லை. அக்கேள்வியோடு துறைமுகத்தின் வரலாற்றை நோக்கினால், கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் நெருங்கிய தொடர்புடைய சில செய்திகள் புலனாகும்.

பாய்க்கப்பல்களின் காலத்தில் கொழும்பு பெரிய துறைமுகமன்று. 1344 இல் இபுன் பதூதா கண்ட கொழும்பும், பின்னர் போர்த்துக்கேயர் கோட்டை கட்டிய கொழும்பும், 1656 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கொழும்பும் கறுவாவுக்குப் பெயர்பெற்ற சிறு துறையே. தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசத் தொடங்கினால் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டுத் தத்தளிக்கும். சரக்கும் ஆட்களும் படகுகளிலேயே கரைசேர வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இயலாது. தூத்துக்குடியிலிருந்தும் வல்வெட்டித்துறையிலிருந்தும் வந்த தோணிகள் பருவம் பார்த்தே பாய் விரித்தன. காற்றுக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் காற்று எவருடைய கட்டளைக்கும் பணிவதுமில்லை. புகை என்பதே அக்காலக் கடலில் இல்லை.

1869 இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து கீழைத் தேயங்களுக்குச் செல்லும் நீராவிக் கப்பல்கள் இலங்கையை ஒட்டியே போகலாயின. நீராவிக் கப்பலுக்கு நிலக்கரி உணவு. வழியிடையே அவ்வுணவை ஏற்றிக்கொள்ள அமைதியான துறை தேவை. அதுவரை அப்பணியைச் செய்த காலித் துறைமுகம் பாறைகள் நிறைந்தது. கப்பல்கள் பல அங்கே சேதமுற்றன. எனவே தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரியின் காலத்தில், சேர் ஜோன் கூட் என்னும் புகழ்வாய்ந்த பொறியியலாளரின் திட்டப்படி, கொழும்பில் அணை கட்டத் தீர்மானிக்கப்பட்டது. 1875 டிசெம்பரில், பிற்காலத்தில் ஏழாம் எட்வேர்ட் மன்னராக முடிசூடிய வேல்ஸ் இளவரசர் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஏறத்தாழ 4,200 அடி நீளமுள்ள தென்மேற்கு அணை 1885 இல் நிறைவெய்திற்று. அதன் கற்கள் மகரைக் கற்சுரங்கத்திலிருந்து வந்தன. அவற்றை உடைத்தோர் சிறைக் கைதிகள். மகரைச் சிறைச்சாலையின் தோற்றமே இவ்வணையோடு பிணைந்தது. அடிக்கல் நாட்டிய கையை வரலாற்று நூல்கள் மறப்பதில்லை. கல்லுடைத்த கைகளின் பெயர்களை அவை குறித்து வைக்கவில்லை.

அணை எழுந்ததும் காலியின் சிறப்புக் கொழும்புக்குப் பெயர்ந்தது. கப்பற் கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் கப்பல்களை இங்கே அனுப்பின. கடலோரத்தில் நிலக்கரி மலைபோல் குவிந்தது. அக்கரியைக் கப்பலில் ஏற்றும் முறை எவ்வித எந்திரமும் அறியாதது. கரையிலிருந்து கூடைகளிற் சுமந்து சரக்குப் படகுகளில் நிரப்புவர்; படகுகள் கப்பலின் பக்கத்தை அணையும்; அங்கிருந்து சாய்வுப் பலகைகள் வழியே மனிதர் வரிசையாக ஏறிக் கப்பலின் கரிக்கிடங்கிற் கொட்டுவர். கப்பலின் மேற்றளத்தில் நின்ற பயணிகள் துணிகளையும் சாளரங்களையும் மூடிக்கொண்டனர். கரி சுமந்தவருக்கு மூடிக்கொள்ளச் சாளரம் ஏது? அவருட் பெருந்தொகையினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழரும் மலையாளிகளும் ஆவர். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, முகத்துவாரம் முதலிய வடகொழும்புப் பகுதிகளில், கொழும்பு வழக்கிலே 'தோட்டம்' எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் துறைமுகத் தொழிலாளர் வாழ்ந்தனர். மரம் செடி ஒன்றுமில்லாத அவ்விடங்களுக்குத் தோட்டம் என்று பெயர் வந்தது எவ்வாறு என்று புதிதாய் வந்தோர் கேட்பதுண்டு.

புகைபோக்கியிலிருந்து எழுந்ததை அக்காலத்தவர் செல்வத்தின் அடையாளமாகக் கண்டனர். துறைமுகத்தில் எத்தனை கப்பல்கள் புகை கக்கி நிற்கின்றன என்று எண்ணி, நகரின் பெருமையை அளந்தனர். தொழிலாளர் கேட்டதும் புகையைப்பற்றியன்று. கூலியைப்பற்றியும் வேலை நேரத்தைப்பற்றியுமே. 1922 இல் ஏ. ஈ. குணசிங்க இலங்கைத் தொழிற்சங்கத்தைத் தொடங்கினார். 1927 இல் கொழும்புத் துறைமுகம் பெரும் வேலைநிறுத்தமொன்றைக் கண்டது. மூச்சில் ஏறிய கரித்தூள் எந்தக் கோரிக்கைப் பட்டியலிலும் முதலிடம் பெறவில்லை. வயிற்றுக்குப் பின்னரே நுரையீரல் என்பது ஏழையின் கணக்கு.

இங்கே தூத்துக்குடியைச் சிறிது நினைவுகூர்வது பொருந்தும். கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே பிரித்தானியக் கம்பனியொன்றின் கப்பல்களே ஓடிய காலத்தில், 1906 இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பனியைத் தொடங்கினார். 'காலியா', 'லாவோ' என்னும் இரு நீராவிக் கப்பல்கள் அதற்கு வாய்த்தன. பிரித்தானியக் கம்பனி கட்டணத்தைப் பெரிதும் குறைத்துப் போட்டியிட்டது, 1908 இல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார், கம்பனியும் நிலைகுலைந்தது. அந்தத் தேசபக்தரின் கப்பல்களும் நிலக்கரியையே எரித்தன. கப்பல் யாருடையது என்பதே அன்றைய கேள்வி. அது எதை எரிக்கிறது என்பதன்று.

கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறுதல் ஒரே நாளில் நிகழவில்லை. செலாண்டியா புறப்பட்ட அதே காலத்தில் பிரித்தானியக் கடற்படையும் எண்ணெயை நாடிற்று. இரண்டு உலகப் போர்களுக்கிடையே வணிகக் கப்பல்கள் மெல்ல மெல்ல மாறின. இரண்டாம் போரின் பின்னர் மாற்றம் விரைந்தது. கூடையும் சாய்வுப் பலகையும் மறைந்தன. குழாய் ஒன்றை இணைத்தால் எண்ணெய் தானே பாயும். ஆயிரம் தோள்கள் செய்த வேலையைச் சில மணி நேரத்தில் ஓர் எந்திரம் செய்துவிடும். கரி சுமப்பதினின்றும் மனிதன் விடுதலை பெற்றது நன்றே. ஆனால் சுமையோடு கூலியும் போயிற்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினர் பலரை நாடற்றவராக்கியதும் அக்காலத்திலேயே. 1954 இல் எலிசபெத் மகாராணி இறங்குதுறை திறக்கப்பட்டது. 1958 இல் சரக்கேற்றும் பணி அரச கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. 1979 இல் இலங்கைத் துறைமுக அதிகார சபை தோன்றியது. 1969 இல் சப்புகஸ்கந்தையில் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கிற்று. துறைமுகத்திலிருந்து கொலன்னாவைக் களஞ்சியங்களுக்கு எண்ணெய் செல்லும் பழைய குழாய்கள் மக்கள் செறிந்து வாழும் பகுதிகளுக்கு அடியிலேயே கிடந்தன.

எண்ணெய்ப் புகை கண்ணுக்கு மெல்லியது. அதனாலேயே அது தூயதெனப் பலர் எண்ணினர். உண்மை வேறு. மசகெண்ணெயிலிருந்து பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் முதலியவற்றைப் பிரித்தெடுத்த பின்னர் அடியில் எஞ்சுவது தார்போன்ற கனவெண்ணெய். சூடாக்கினாலன்றி அது குழாயில் ஓடாது. நிலத்தில் எவரும் விரும்பாத அவ்வெண்ணெயைக் கப்பல்கள் மலிவு கருதி வாங்கி எரித்தன. அதிலுள்ள கந்தகம் எரிந்து வாயுவாகிக் காற்றிற் கலந்து நெஞ்சை அரிக்கும். 2020 ஆம் ஆண்டு வரை கப்பல் எண்ணெயில் நூற்றுக்கு 3.5 பங்கு கந்தகம் இருக்கலாம் என்று சர்வதேச விதி இடமளித்தது. அவ்வாண்டு ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் அது 0.5 பங்காகக் குறைக்கப்பட்டது. சில கப்பற்சொந்தக்காரர் இதற்கும் ஒரு வழி கண்டனர்: மலிவான எண்ணெயையே எரித்து, புகையைக் கடல்நீராற் கழுவி, அக்கழிவு நீரைக் கடலிலேயே விட்டனர். காற்றிலிருந்த நஞ்சு நீருக்கு மாறியது. சிங்கப்பூர் முதலிய துறைமுகங்கள் தம் நீர்ப்பரப்பில் அதனைத் தடைசெய்தன.

கப்பலின் பாரபட்சமற்ற கணக்கையும் கூறவேண்டும். ஒரு தொன் சரக்கை ஒரு மைல் தூரம் கொண்டுசெல்ல லொறிக்கும் விமானத்துக்கும் தேவைப்படும் எரிபொருளை நோக்க, கப்பலுக்கு வேண்டுவது மிகச் சிறிது. எனினும் உலக வணிகத்தின் பெரும்பகுதி கடல்வழியே நடப்பதால், மனிதர் வானில் விடும் காபனீரொட்சைட்டு முதலிய வெப்ப வாயுக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்கு கப்பல்களிலிருந்து எழுகிறது. இக்கணக்கை லண்டனிலுள்ள சர்வதேச கடல்சார் அமைப்பே வெளியிட்டுள்ளது.

கொழும்பின் நிலை இதிலே தனித்தன்மை வாய்ந்தது. 1956 இல் அமெரிக்காவில் 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் உலோகப் பெட்டிகளில் சரக்கை ஏற்றிச் சென்றதோடு கொள்கலன் யுகம் பிறந்தது. 1985 இல் கொழும்பில் ஜய கொள்கலன் முனையம் இயங்கலாயிற்று. 1999 இல் தெற்காசிய நுழைவாயில் முனையம் அதனோடு சேர்ந்தது. 2021 இல் 72 இலட்சத்துக்கு மேலான கொள்கலன்களை, அதாவது இருபதடிப் பெட்டிக் கணக்கில், கொழும்பு கையாண்டது. 2024 இல் இத்தொகை 77 இலட்சத்தைத் தாண்டியது. செங்கடலில் ஏற்பட்ட ஆபத்தால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல நேர்ந்ததும் அந்த உயர்வுக்கு ஒரு காரணம். தூரம் மிகுந்தால் எரியும் எண்ணெயும் மிகும். ஆக, துறைமுகத்தின் இலாபமும் வானின் நட்டமும் ஒரே காரணத்திலிருந்து பிறந்தன.

இக்கொள்கலன்களிற் பெரும்பாலானவை இலங்கைக்கு உரியனவல்ல. பெருங்கப்பலிலிருந்து இறங்கி, சின்னாட்கள் முற்றத்திற் கிடந்து, வேறொரு கப்பலிலேறி இந்தியாவுக்கோ வங்காளதேசத்துக்கோ போய்விடுபவை. இதனையே மீள்கப்பலேற்றம் என்பர். பொருள் நாட்டுக்குள் வருவதில்லை. வரும் வருமானமும் புகையும் மட்டுமே தங்குகின்றன. கப்பல் தரித்து நிற்கும்போது அதன் பெரிய எந்திரம் ஓய்ந்திருக்கும் என்பது மெய். ஆனால் விளக்கு, குளிரூட்டி, இறைப்பி, குளிர்ப்பெட்டிகளிலுள்ள மீனும் பழமும், இவை யாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். அதற்காகத் துணை எந்திரங்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். கப்பல் போகும் ஊரைப்பற்றி அன்றி, நிற்கும் ஊரைப்பற்றிக் கவலை கொள்வோர்க்கு இதுவே முதன்மையான புகை. கொழும்பில் காற்று மேற்கிலிருந்து வீசும் மாதங்களில் அது செல்லும் திசை கொட்டாஞ்சேனை.

கடல் வாணிபத்தின் ஆபத்து புகையோடு நிற்பதுமில்லை. 2021 மே மாதம் 20 ஆந் திகதி, கொழும்புக்கு வடமேற்கே ஒன்பதரைக் கடல்மைல் அளவில் நங்கூரமிட்டிருந்த 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' என்னும் புத்தம் புதிய கொள்கலன் கப்பல் தீப்பற்றியது. 1,486 கொள்கலன்கள் அதில் இருந்தன. நைத்திரிக் அமிலக் கொள்கலனொன்று கசிவதை மாலுமிகள் முன்னரே அறிந்திருந்தனர். கட்டாரின் ஹமாத் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசிராவிலும் அதனை இறக்க இடங்கேட்டபோது கிடைக்கவில்லை. கப்பல் பல நாட்கள் எரிந்து, ஜூன் 2 ஆந் திகதி ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்லப்படுகையில் அமிழத் தொடங்கிற்று. ஏறத்தாழ 1,680 தொன் பிளாத்திக்கு மணிகள் கடலிற் சிந்தி மேற்குக் கரையில் வெண்பனிபோலக் குவிந்தன. இறந்த ஆமைகள் கரையொதுங்கின. களுத்துறையிலிருந்து நீர்கொழும்பு வரை மீன்பிடி தடைசெய்யப்பட்டது. அவ்வெல்லையின் இடையில்தான் வெள்ளவத்தைக் கடற்கரை கிடக்கிறது. 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் கப்பற்றரப்பினர் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. கொள்கலனொன்றை இறக்கிவைக்க ஒரு துறைமுகம் இடங்கொடுத்திருந்தால் என்ற எண்ணம் அத்தீர்ப்பைப் படிப்போர்க்கு எழாதிருக்காது.

வெள்ளவத்தையில் கடலுக்கும் ஊருக்கும் நடுவே புகையிரதப் பாதை ஓடுகிறது. 1870களில் பாணந்துறையை நோக்கி இடப்பட்ட அப்பாதை, பல இடங்களில் அலைக்கு எட்டும் தூரத்தில், கருங்கற் குவியல்களின் காவலில் நிற்கிறது. 1901 ஆம் ஆண்டுக்கும் 2018 ஆம் ஆண்டுக்கும் இடையே உலகக் கடல்மட்டம் சராசரி 20 சதமமீற்றர் உயர்ந்துள்ளதென விஞ்ஞானிகள் கணித்துள்ளனர். ஒரு சாண் அளவுதானே என்று தோன்றலாம். மட்டம் ஒரு சாண் உயர்ந்தால் சோழகக் காலத்து அலையும் ஒரு சாண் மேலிருந்து பாயும். கரையரிப்புக்கு ஆற்றுமணல் அகழ்வு போன்ற வேறு காரணங்களும் உள. எல்லாவற்றையும் கப்பலின் தலையிற் சுமத்துவது நீதியன்று. எனினும் நூறாண்டுகளாகக் கொழும்புக்கு வந்து சென்ற கப்பல்களின் புகையும் அந்த ஒரு சாணில் ஒரு பங்குடையது. கொட்டாஞ்சேனையில் எழுந்தது வெள்ளவத்தையில் வந்து மோதுகிறது.

இனி மின்சாரத்தின் கதை. 2008 இல், கூட் அவர்களின் அணைக்கு அப்பால், இன்னும் ஆழமான கடலில் புதிய அணை கட்டும் பணி தொடங்கிற்று. ஆசிய அபிவிருத்தி வங்கி கடனுதவி அளித்தது. 5 கிலோமீற்றருக்கும் மேல் நீண்ட அவ்வணை 2012 இல் நிறைவெய்தியது. அதன் காப்பில் 18 மீற்றர் ஆழத்தோடு அமைந்த கொழும்பு சர்வதேச கொள்கலன் முனையம் 2013 இல் இயங்கத் தொடங்கிற்று. அம்முனையத்தின் முற்றத்தில் இறப்பர்ச் சில்லுகளில் உருளும் பாரந்தூக்கிகள் முதலில் டீசலில் ஓடின. பத்தாண்டு நிறையுமுன்னரே அவை மின்சாரத்துக்கு மாற்றப்பட்டன. 2025 ஏப்பிரலில் திறக்கப்பட்ட மேற்கு முனையத்தில் பாரந்தூக்கிகளைத் தொலைவிலிருந்தே இயக்கும் ஏற்பாடு வந்தது. டீசல் எந்திரத்தின் இரைச்சலும் புகையும் முற்றத்தினின்றும் நீங்கின. இஃது உண்மையான நன்மை. பாரந்தூக்கியின் கீழே நின்று உழைத்தவர்க்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? 1950 இல் இலக்சபானாவில் நீர்மின் நிலையம் எழுந்த காலந்தொட்டு இலங்கை தன் மின்சாரத்தை மலையருவிகளிலிருந்து பெற்று வந்தது. தேவை பெருகவே மழை போதவில்லை. புத்தளத்துக்கு அப்பால், கற்பிட்டித் தீபகற்பத்தில், நுரைச்சோலையில் நிலக்கரி மின்னிலையம் கட்டப்பட்டது. 2011 இல் முதற்பகுதியும் 2014 இல் இறுதிப் பகுதியும் இயங்க, 900 மெகாவாற்று வலிமையோடு, நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை அது தரலாயிற்று. கொழும்புக் கரையைவிட்டு அகன்ற நிலக்கரி, கம்பி வழியாகக் கொழும்புக்குத் திரும்பி வந்துவிட்டது.

நுரைச்சோலையில் கரி இறக்கும் முறை இன்னும் வியப்புக்குரியது. அங்கே பெருங்கப்பல் அணையத்தக்க துறைமுகம் இல்லை. கப்பல் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, கரியைப் படகுகளில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவருகின்றனர். சோழகம் வீசும் மாதங்களில் அது இயலாது; ஆகவே காற்று அடங்கியிருக்கும் பருவத்திலேயே ஓராண்டுக்குரிய கரியைக் கொண்டுவந்து குவித்துவிட வேண்டும். 1875 க்கு முன் கொழும்பில் இருந்த நிலைமை இதுவே. கூடைகளுக்குப் பதில் எந்திரங்கள் வந்துள்ளன; மற்றவை அப்படியே. சுற்றியுள்ள புகையிலை, மரக்கறித் தோட்டங்களில் கரித்தூளும் சாம்பலும் படிவதாக அவ்வூர்க் கமக்காரர் முறையிட்டுள்ளனர். கொட்டாஞ்சேனை ஒரு காலத்தில் சுவாசித்ததை இப்போது வேறோர் ஊர் சுவாசிக்கிறது.

பிற நாட்டுத் துறைமுகங்கள் இப்போது கைக்கொள்ளும் முறை, தரித்து நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்தே மின்சாரம் கொடுப்பதாகும். சுவீடனின் கோதன்பேர்க் துறைமுகம் 2000 ஆம் ஆண்டிலும், அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் 2004 இலும் இதனைத் தொடங்கின. ஐரோப்பிய ஒன்றியத்தின் பெருந்துறைகளில் 2030 தொடக்கம் கொள்கலன் கப்பல்களும் பயணிகள் கப்பல்களும் கரைமின்சாரத்தையே பயன்படுத்தல் வேண்டுமெனச் சட்டம் வகுக்கப்பட்டுள்ளது. கொழும்புக்கு வரும் பெருங்கப்பல்களுட் பல ஐரோப்பாவுக்குச் செல்பவையே. ஆகவே கரைமின்சாரத்தைப் பெறும் இணைப்பைக் கப்பல்கள் எப்படியும் பொருத்திக்கொள்ளும். கொடுக்கும் இணைப்பைத் துறைமுகமே அமைக்க வேண்டும்.

கரிமின்சாரத்தைக் கப்பலுக்குக் கொடுத்தால் என்ன பயன் என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானது. வானத்தின் கணக்கில் அதனால் வரும் ஆதாயம் சிறிதே. ஆனால் கொட்டாஞ்சேனையின் கணக்கு வேறு. துறைமுக வேலியை அடுத்து வாழும் குழந்தையின் நெஞ்சுக்கு நூறு மைலுக்கு அப்பாலுள்ள புகைபோக்கியும் பக்கத்திலுள்ள புகைபோக்கியும் ஒன்றல்ல. மேலும், வருவோர் போவோர் கப்பல்களிலுள்ள ஆயிரக்கணக்கான எந்திரங்களை ஒரு நாடு திருத்த முடியாது. தன் மின்னிலையத்தைத் திருத்த முடியும். கம்பி ஒருமுறை இடப்பட்டால், பின்னர் அதன் மறுமுனையில் கரிக்குப் பதில் காற்றையோ வெயிலையோ இணைத்துக்கொள்ளலாம்.

2030 க்குள் மின்சாரத்தில் நூற்றுக்கு 70 பங்கை இயற்கைச் சக்திகளிலிருந்து பெறுவது இலங்கை அரசின் குறிக்கோள். மன்னாரில் 2020 டிசெம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட 'தம்பபவனி' காற்றாலைத் தொகுதி, முப்பது காற்றாலைகளோடு, அதற்கு ஒரு தொடக்கம். ஆனால் மேலும் காற்றாலைகள் அமைக்க முற்பட்டபோது 2025 இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். வெள்ளம் வடியும் வழி அடைபடுகிறது, மீன்வளம் குன்றுகிறது, பறவைகளின் வரவு கெடுகிறது என்பன அவர்தம் முறைப்பாடுகள். அவற்றை ஆராய்ந்து பார்க்காமல் அவர்களை முன்னேற்றத்தின் பகைவரென்று தள்ளிவிடுவது எளிது. கொழும்பின் புகை நீங்குவதற்காக மன்னார் எதைக் கொடுக்க வேண்டும் என்று மன்னாரைக் கேட்டவர் எவர் என்பதே அங்குள்ள வழக்கு.

அக்கரையில், வ. உ. சிதம்பரனாரின் பெயரை 2011 இல் ஏற்ற தூத்துக்குடித் துறைமுகம் வேறொரு சோதனையில் இறங்கியுள்ளது. இயற்கை மின்சாரத்தால் நீரைப் பகுத்து ஐதரசனைப் பெறும் சிறியதோர் ஆலை 2025 செப்டெம்பரில் அங்கே திறக்கப்பட்டது. அளவிற் சிறிது, பெருங்கப்பலை ஓட்டுவதற்கு அது எங்ஙனமும் போதாது. ஆயினும் கொழும்புக்கு எதிரே கடலின் மறுகரையில் நடப்பது என்பதால் இலங்கையர் அதனைக் கவனித்தல் தகும்.

உலக அளவில் முடிவு இன்னும் ஏற்படவில்லை. 2050 ஆம் ஆண்டளவில் கப்பற் புகையின் தேறிய அளவைச் சூனியமாக்குவதென 2023 இல் சர்வதேச கடல்சார் அமைப்பில் நாடுகள் உடன்பட்டன. புகைக்கு விலை விதிக்கும் விதிகளை 2025 ஒக்டோபரில் லண்டனிற் கூடி ஏற்பதாக இருந்தபோது, கருத்து வேற்றுமையால் அக்கூட்டம் ஓராண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. கப்பற்சொந்தக்காரர் எந்த எரிபொருளை நம்பிக் கப்பல் கட்டுவதென்று அறியாது தயங்குகின்றனர். துறைமுகங்களும் எதனைச் சேமித்து வைப்பதென்று அறியாது காத்திருக்கின்றன.

இத்தயக்கத்தின் நடுவே சிலர் பழைய பொருளொன்றைத் தேடிச் சென்றுள்ளனர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்க, 1938 இல் அத்திலாந்திக்கைக் கடந்து மசாசுசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறையைச் சேர்ந்தது. பாய்க்கப்பலின் கதை அத்தோடு முடிந்தது என்றே பலரும் எண்ணினர். 2023 ஓகஸ்டில் 'பிக்சிஸ் ஓஷன்' என்னும் பெருஞ் சரக்குக் கப்பல், 37.5 மீற்றர் உயரமான இரண்டு உறுதியான பாய்களைத் தாங்கிக் கடலில் இறங்கியது. எந்திரமும் அதற்கு உண்டு; காற்று உதவும்போது எண்ணெயை மிச்சம் பிடிப்பதே பாய்களின் வேலை. துறைமுகத்தை அடைந்ததும், பாரந்தூக்கிகளுக்கு இடையூறு நேராவண்ணம், அவை மேற்றளத்தின்மீது மடித்துப் படுக்கவைக்கப்படும்.